மனப்பாடமான படத்தைத் தியேட்டரில் பார்ப்பது எப்படி

'சிங்கின் இன் தி ரெயின்' என்ற பழைய ஹாலிவுட் பாட்டு நடனப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறாய் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. கேசட்டில், டிவிடியில், லேப்டாப்பில், ஒருமுறை விமானத்தில் முன் சீட்டின் முதுகில் இருந்த உள்ளங்கை அகலத் திரையில் என்று முப்பதைத் தாண்டியிருக்கும். தியேட்டரில் பார்த்த கணக்கு மட்டும் துல்லியமாகத் தெரியும். நான்கு முறை. நான்கு டிக்கெட்டும் இன்னும் என் பர்ஸில் இருக்கின்றன. முதல் முறை மகா சொதப்பல். அடுத்த மூன்றும் நன்றாக அமைந்ததற்குக் காரணமே அந்தச் சொதப்பல்தான்.

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவள் அக்கா. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே கேசட்டைத் தேய்த்தோம். நாயகனின் நண்பராக வரும் டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஓடி ஏறிக் குட்டிக்கரணம் அடிக்கும் இடத்தை அத்தனை தடவை பின்னால் ஓட்டிப் பார்த்ததில், அங்கே மட்டும் டேப்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என் கண் அந்தக் கோட்டைத் தேடுகிறது. மனப்பாடமான படத்தோடு இதுதான் தொல்லை. படம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், நாம் பாட்டுக்கு நினைவில் இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தியேட்டருக்குப் போவதென்றால் முதலில் இந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

டிக்கெட் வாங்குவதற்கு முன்

முதல் முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய படங்களை எப்போதாவது போடும் ஒரு தியேட்டர். பெயர் வேண்டாம். அக்காவும் நானும் அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டோம். விளக்கு அணைந்தது, சிங்கம் கர்ஜித்தது, மஞ்சள் மழைக்கோட்டில் மூன்று பேர் குடையோடு வந்தார்கள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. காலணியால் தாளம் தட்டி ஆடும் முதல் டாப் நடனம் வந்ததும் அக்கா என் முழங்கையில் இடித்தாள்.

"ஏய், கால் எங்கடி?"

கால் இல்லை. கணுக்காலோடு படம் முடிந்துவிட்டது. மேலே தொப்பியும் பாதி இல்லை. நெருப்புக்குச்சி வெடிப்பதுபோல் காலணிச் சத்தம் மட்டும் கேட்கிறது, காலைக் காணோம். நான் எழுந்துபோய் வாசலில் நின்ற பையனிடம் சொன்னேன். அவர் மேலே போய்ச் சொன்னார். யாரோ வந்து பார்த்தார்கள். படம் ஒழுங்கான வடிவத்துக்கு வந்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது.

காரணம் எளிமையானது. 1952இல் வந்த படம் இது. அப்போது ஹாலிவுட் படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இதற்கு அகாடமி விகிதம் என்று பெயர். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை 1953 செப்டம்பரில் வந்த பிறகு படங்கள் பரவலாக அகலமாகின. இன்றைய தியேட்டர் திரைகள் எல்லாம் அகலப் படத்துக்காகக் கட்டியவை. கவனமில்லாதவர் ப்ரொஜெக்டரை வழக்கமான 1.85 அமைப்பில் விட்டுவிட்டால், பழைய படத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போகும். மற்ற படங்களில் கொஞ்சம் கூரையும் கொஞ்சம் தரையும் போகும். நடனப் படத்தில் போவது கால்.

நடனத்துக்கு அது சாதாரண இழப்பில்லை. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை முழு உருவமும் தெரிய வேண்டும் என்று 1930களிலேயே பிடிவாதம் பிடித்தவர் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர். நம் படத்தின் நாயகன் ஜீன் கெல்லியின் நடனங்களும் பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கப்பட்டன. முழு உருவத்தையும் சட்டகத்துக்குள் வைத்தால் வீட்டு டிவியில் கால் கட்டைவிரல் நகத்தளவுதான் வரும். அந்தக் காலைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?

அதனால் டிக்கெட் வாங்கும் முன் தியேட்டருக்கு ஒரு போன் போடுங்கள். கூச்சமே வேண்டாம். பழைய படம் போடுகிற நல்ல தியேட்டர்காரர்களுக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். பிடிக்காதவர்கள் என்றால் அதுவும் ஒரு பதில்தான். நான் கேட்பது மூன்று: எந்த வடிவத்தில் போடுகிறீர்கள், 1.37 விகிதத்தில் காட்டுவீர்களா, இது கூடச்சேர்ந்து பாடும் காட்சியா.

மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது சுலபம். பாட்டு வரிகள் திரையில் ஓட, வந்தவர்கள் எல்லாம் கத்திப் பாடும் காட்சிகள் உண்டு. லண்டனில் பிரின்ஸ் சார்ல்ஸ் சினிமா 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்துக்கு இப்படி நடத்திப் பேர்பெற்றது. வேஷம் போட்டுக்கொண்டெல்லாம் வருவார்கள். தாராளமாகப் போங்கள், நானும் போவேன். ஆனால் அது திருவிழாவுக்குப் போவது மாதிரி. படம் பார்க்க நினைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரரைச் சபிப்பீர்கள்.

வடிவத்துக்கு வருவோம். இன்றைக்குப் பெரும்பாலும் டிஜிட்டல்தான். அது தியேட்டருக்கென்றே தயாரித்த கோப்பா, இல்லை கடையில் விற்கும் டிஸ்கையே போடுகிறார்களா என்று கேளுங்கள். டிஸ்க் என்றால் நான் போகமாட்டேன். என் வீட்டிலேயே அது இருக்கிறது. தியேட்டர் கோப்பு என்றால் யோசிக்காமல் போங்கள். 35 மி.மீ. ஃபிலிம் பிரிண்ட் என்றால் லீவு போட்டுவிட்டுப் போங்கள், ஆனால் பிரிண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும். படம் டெக்னிகலர் என்ற வண்ண முறையில் எடுத்தது. அந்தக் கேமராவுக்குள் ஒரு முப்பட்டகம் ஒளியைப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்களுக்கு அனுப்பும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பிறகு பிரிண்ட் எடுக்கும்போது துணியில் அச்சுக் குத்துவதுபோல ஒவ்வொரு சாயமாக ஃபிலிமில் ஏற்றுவார்கள். அப்படி ஏற்றிய சாயம் பல பத்தாண்டுகள் ஆனாலும் மங்குவதில்லை. பின்னாளில் ஈஸ்ட்மன்கலர் ஃபிலிமில் எடுத்த பழைய பிரிண்டுகள் அப்படியல்ல. நீலமும் பச்சையும் வெளுத்துப்போய்ப் படம் முழுக்க ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். "பிரிண்ட் சிவந்திருக்கிறதா?" என்று கேட்டால் தெரிந்தவர்களுக்குப் புரியும். இந்தப் படத்தின் மூல நெகட்டிவ் ஒரு தீவிபத்தில் போய்விட்டது. இன்று நாம் பார்ப்பதெல்லாம் மிஞ்சிய பிரதிகளிலிருந்து மறுபடி கட்டி எழுப்பியதுதான். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்த மஞ்சள் மழைக்கோட்டின் மேல் ஒரு மரியாதையே வரும்.

எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹாலிவுட்காரர்களுக்கு முழு எண் பிறந்தநாள் பிடிக்கும். 2012இல் 60 ஆண்டு, 2022இல் 70 ஆண்டு என்று இந்தப் படத்தை அமெரிக்கத் தியேட்டர்களில் மறுபடி திரையிட்டார்கள். 2027இல் 75 ஆகிறது. நாட்காட்டியில் குறித்துவைக்கலாம்.

பத்தியம்

ஆறு மாதத்துக்கு முன்பே படத்தைத் தொடுவதை நிறுத்திவிடுவேன். பாட்டும் கேட்பதில்லை. போனில் யாராவது துண்டுக் காட்சி அனுப்பினால் திறக்காமல் அழித்துவிடுவேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. காதில் பாட்டு கொஞ்சம் மறந்தால்தான் வாத்தியங்கள் தனித்தனியாகக் கேட்கும்.

படம் எடுத்த கதைகளைப் படிப்பதில் எனக்கு இரண்டு மனது. சில தகவல்கள் கண்ணுக்கு வேலை கொடுக்கும். சில, கண்ணைக் கெடுக்கும். கெல்லி மழையில் ஆடும் பாட்டுக்கு மழைத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்ற கதை இரண்டாவது வகை. அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் பாட்டு முழுக்கத் தரையில் வெள்ளை தேடுவார்கள். பால் எதுவும் இல்லை. மழைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்தார்கள், அதனால் துளிகள் மின்னுகின்றன. பால் கதையை விட்டுவிட்டு அந்த விளக்கு எங்கே இருக்கும் என்று தேடுங்கள். கடைக் கண்ணாடிகளின் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். அது வேலை.

தெரிந்துகொண்டு போக வேண்டியவை என்று நான் வைத்திருப்பது கொஞ்சம்தான். படத்தில் நாயகி கேத்தியாக வரும் டெபி ரெனால்ட்ஸுக்குப் படப்பிடிப்பின்போது 19 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், இந்த அளவுக்கு நடனம் தெரியாது. இரண்டு பக்கமும் கெல்லியும் ஓ'கானரும். மழைப் பாட்டு எடுத்தபோது கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்று பல இடங்களில் சொல்லப்பட்டிருக்கிறது. 1952ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரில் இரண்டே இரண்டு பரிந்துரைகள், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. அதில் ஒன்று, கீச்சுக் குரல் நட்சத்திரம் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் லீனாவைப் பார்க்கும் விதமே மாறும். அவள் வாயைத் திறந்தால் சிரிக்கிறோம், ஆனால் வாயைத் திறக்காத காட்சிகளிலும் அந்த நடிகை எவ்வளவு செய்கிறார் என்பது டிவியில் எனக்குத் தெரியவே இல்லை.

உட்காரும் இடம்

வழக்கமாக நீங்கள் உட்காரும் வரிசையிலிருந்து மூன்று நான்கு வரிசை முன்னால் போங்கள். காரணம் சொல்கிறேன். 1.85 அமைப்பில் 12 மீட்டர் அகலத் திரை என்றால் உயரம் சுமார் ஆறரை மீட்டர். அதே உயரத்தில் நம் படம் சுமார் 9 மீட்டர் அகலம்தான் வரும். திரையே இன்னும் நீளமான ஸ்கோப் வகையாக இருந்தால் 12 மீட்டரில் 7 மீட்டர்கூட வராது. இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். அக்கறையுள்ள தியேட்டரில் பக்கத் திரைச்சீலையை இழுத்து அந்தக் கறுப்பை மூடுவார்கள். சீலை நகர்வதைப் பார்த்தாலே எனக்குப் பாதி டிக்கெட் காசு வந்துவிட்டது மாதிரி இருக்கும். சிறிதான படத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' போல 1954க்கு வந்துவிட்டால் இது தலைகீழ். அது சினிமாஸ்கோப். பின்னால் உட்கார்ந்தால்தான் ஏழு சகோதரர்களும் ஒரே பார்வையில் அடங்குவார்கள்.

நடுவில் உட்காருங்கள். படத்தின் ஒலி மோனோ. எல்லாச் சத்தமும் திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரிலிருந்தே வரும். பக்கச் சுவர்கள் ஊமையாக இருப்பதைக் கேட்டு ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். என் பின்னால் ஒருவர் அப்படி நினைத்துப் புகார் சொல்லப் புறப்பட்டார், அவரை உட்கார வைத்தேன்.

ஃபிலிம் பிரிண்ட் என்றால் ஒரு சின்ன விளையாட்டு உண்டு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஒரு பெரிய ரீல் 20 நிமிடம் சொச்சம் வரும். 103 நிமிடப் படத்துக்கு ஐந்தாறு ரீல். ரீல் முடியப்போகும்போது வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி கண் சிமிட்டும், சில நொடி கழித்து இன்னொன்று. இரண்டு ப்ரொஜெக்டர் உள்ள அறையில் ஆபரேட்டர் அதைப் பார்த்துத்தான் அடுத்த மெஷினுக்கு மாற்றுவார். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் எல்லாப் படத்திலும் கண் அங்கேயே போகும். எச்சரிக்கை செய்துவிட்டேன்.

யாரோடு போவது? மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர், பார்த்தே இராத ஒருவர். பார்க்காதவரை நடுவில் உட்கார வையுங்கள். மூன்றாவது முறை அக்காவின் மகனை அப்படி வைத்தோம். அவனுக்குப் பதினொரு வயது. மௌனப் படக் காலம் முடிந்து 1927இல் பேசும் படம் வந்த கதை என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன். அதற்குமேல் எதுவும் சொல்லக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் வசனத்தை முணுமுணுக்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு தனிப் படமாக எடுக்கலாம்.

மாதிரிக் காட்சி வரும் இடம் தெரியுமல்லவா? புதிதாக எடுத்த பேசும் படத்தை ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். லீனாவின் முத்து மாலை இடிபோல் உருளுகிறது. தலையைத் திருப்பினால் குரல் போய்விடுகிறது. அப்புறம் ஒலி நழுவி, அவள் குரல் வில்லன் வாயிலும் வில்லன் குரல் அவள் வாயிலும் வருகிறது. வீட்டில் முப்பது முறை பார்த்து நான் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்த இடம் இது. பையன் சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தான். அவன் சிரித்ததில் முன் வரிசை சிரித்தது, அதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. படத்துக்குள் ஒரு தியேட்டர் சிரிக்கிறது, வெளியே ஒரு தியேட்டர் சிரிக்கிறது. இரண்டு சிரிப்பும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல் கலந்துபோயின. சோபாவில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் இது ஒருநாளும் நடக்காது. அதனால் ஆள் குறைந்த பகல் காட்சியைத் தேடாதீர்கள். கூட்டமுள்ள மாலைக் காட்சிக்கே போங்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும்

முகத்தைப் பார்க்காதீர்கள். இதுதான் என்னுடைய ஒரே பெரிய ஆலோசனை. முகங்கள் உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். பழக்கத்தில் கண் நேராக முகத்துக்குப் போகும். வலுக்கட்டாயமாகக் கீழே இறக்குங்கள். இரண்டாவது முறை தியேட்டரில், முதல் முறை ஏமாந்த கடுப்பில், அக்கா ஒவ்வொரு நடனத்துக்கும் "காலைப் பாரு, காலைப் பாரு" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தாள். பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்தப் படத்தை முதல் முறையாகப் பார்த்த மாதிரி இருந்தது.

காலை வணக்கம் சொல்லும் 'குட் மார்னிங்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் சமையலறையில் தொடங்கி, கூடத்துக்கு வந்து, மாடிப்படி ஏறி இறங்கி, மழைக்கோட்டை வைத்து விளையாடி, கடைசியில் சோபாவைக் கவிழ்த்துக்கொண்டு விழுவார்கள். முகத்தைப் பார்த்தால் மூவரும் சமமாகச் சிரிக்கிறார்கள். காலைப் பார்த்தால் மூன்று வேறு ஆட்கள். கெல்லியின் கால் தரையை அழுத்துகிறது, கனமாக, ஒரு பளுதூக்கியின் கால் மாதிரி. ஓ'கானருக்கு எலும்பே இல்லை. நடுவில் டெபியின் கால், ஒரு கணமும் பிந்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. அன்று முடிவில் பாதத்தில் ரத்தம் வந்துவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேலே முகத்தில் அதன் சுவடு துளிகூட இல்லை. கண்ணை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். திகைப்பாக இருக்கும்.

ஓ'கானரின் தனி ஆட்டத்தில் மட்டும் காலையும் விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். பலகை தூக்கிப்போகும் ஆட்கள், செட்டுத் துண்டுகள், வரைந்த சுவர்கள். முதல் இரண்டு சுவரில் ஓடி ஏறிக் கரணம் அடிக்கிறார், மூன்றாவதில் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். பெரிய திரையில் அந்த மூன்றாவது சுவரை முன்கூட்டியே நோட்டம் விட முடிந்தது. (ஒரு கொசுறு: இந்தப் பாட்டு, பாடலாசிரியர் கோல் போர்ட்டர் 1948இல் வேறொரு கெல்லி படத்துக்கு எழுதிய கோமாளிப் பாட்டை அப்படியே ஒத்திருக்கும். கேட்டால் யாருக்கும் தெரியும்.)

மழைப் பாட்டு படம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிய பிறகுதான் வரும். எல்லோரும் காத்திருப்பார்கள், சீட்டுகள் எல்லாம் ஒருமுறை கிறீச்சிடும். இங்கே நான் சொல்வது: முதல் அரை நிமிடம் மழையை மட்டும் பாருங்கள். டிவியில் மழை ஒரு சாம்பல் மூட்டம். தியேட்டரில் கெல்லிக்கு முன்னால் ஒரு மழை, பின்னால் ஒரு மழை. தெருவிளக்கின் அடியில் கம்பி கம்பியாகத் தெரிவது ஒன்று, கடைக் கண்ணாடி வெளிச்சத்தில் பொடியாகத் தெரிவது ஒன்று. அப்புறம் கோட்டைப் பாருங்கள். நனைய நனையக் கனக்கிறது, தோளில் ஒட்டுகிறது. வடிகுழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு அடியில் முகத்தைக் காட்டி நிற்பார். அதற்கடுத்து நடுத்தெருவுக்கு வந்து, குடையை விரித்து வட்டமடிக்க, கேமரா விர்ரென்று மேலே போகும். வீட்டில் அது வெறும் கேமரா அசைவு. தியேட்டரில் வயிற்றில் ஒரு தூக்கு தூக்கும், ராட்டினத்தில் மேலே போகும்போது வருமே, அதே மாதிரி. பாட்டில் வெட்டுகள் எவ்வளவு குறைவு என்று எண்ண நினைத்தால் எண்ணலாம். நான் இரண்டு முறை எண்ணத் தொடங்கி இரண்டு முறையும் நடுவில் மறந்துபோனேன்.

நீண்ட பிராட்வே நடனத்தைப் பற்றி எனக்கும் அக்காவுக்கும் தகராறு உண்டு. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், கதைக்குச் சம்பந்தமே கிடையாது. அக்கா கேசட்டில் எப்போதும் முன்னால் ஓட்டிவிடுவாள். பெரிய திரையில் ஓட்ட வழியில்லை. சிட் சரீஸ் பச்சை உடையில் அறிமுகமாகும் விதம் இருக்கிறதே: முதலில் ஒரு கால், அந்தக் காலின் நுனியில் கெல்லியின் தொப்பி. படம் முழுக்க அந்த நடிகைக்கு ஒரு வரி வசனம் கிடையாது, தேவையும் இல்லை. அந்தப் பச்சை வீட்டு டிவியில் வராத பச்சை. அக்கா வாயைத் திறக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு இடத்தில் கண்ணை மூடுங்கள். கேத்தி மைக் முன் நின்று லீனாவுக்குக் குரல் கொடுக்கும் காட்சி. பின்னணிக் குரல் நமக்கு அதிசயமில்லை, ஆனால் இங்கே நடந்தது வேடிக்கை. லீனாவுக்காகக் கேத்தி பேசுவதாக வரும் அந்த நல்ல குரல், லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். கீச்சுக் குரல்தான் நடிப்பு. கேத்தி பாடுவதாக வரும் பாட்டைப் பாடியவர் பெட்டி நோய்ஸ் என்ற பாடகி. அடுத்தவள் குரலைத் திருடுவது பாவம் என்று சொல்லும் படத்திலேயே இந்தக் கூத்து. பையன் இடைமறித்து, "சித்தி, அப்போ யாரோட குரல்தான் இது?" என்று கேட்டான். வெளியே போய்ச் சொல்கிறேன் என்றேன். வெளியே போய்ச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

பாத்ரூம், இன்ன பிற

103 நிமிடத்தில் இடைவேளை கிடையாது. போயே ஆக வேண்டும் என்றால் அழகிகள் உடை காட்டும் பாட்டு தொடங்கியதும் போய்விட்டு, அது முடிவதற்குள் வந்துவிடுங்கள். அதையொட்டி காலியான படப்பிடிப்புத் தளத்தில் கெல்லி விளக்கையும் காற்றாடியையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ஏணியில் நிற்கும் பெண்ணுக்குப் பாடுவார். அந்த இளஞ்சிவப்பையும் ஊதாவையும் இழந்தால் வருத்தப்படுவீர்கள். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' என்றால் 174 நிமிடம், ஆனால் இடைவேளை உண்டு.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யின் 1961 படத்துக்குப் போனால் இன்னொன்று. தொடக்கத்தில் சில நிமிடங்கள் திரையில் வெறும் கோடுகள்தான் நிற்கும், பின்னணி நிறம் மட்டும் மாறும், இசை ஓடும். மெஷின் மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பேச ஆரம்பிக்காதீர்கள். படம் ஆரம்பித்துவிட்டது.

நேரத்துக்குப் போங்கள். அந்தக் காலப் படங்களில் பெயர்கள் எல்லாம் முன்னால் வந்துவிடும். முடிவில் பத்து நிமிடம் எழுத்து ஓடாது. விளம்பரப் பலகை முன் இருவரும் நிற்பார்கள், முத்தம், முற்றும், பட்டென்று விளக்கு எரிந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. கைக்குட்டையை முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு வீட்டில் அந்தப் பாட்டை மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். கை துறுதுறுக்கும். குறைந்தது ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பதிலாக டிக்கெட்டின் பின்னால், அன்றைக்குப் புதிதாகக் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றை எழுதிவையுங்கள். ஒன்று போதும். என் பர்ஸில் இருக்கும் நான்கில் முதலாவதில் "கால் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் "கெல்லி தரையை அழுத்துகிறார்". மூன்றாவதில் "அந்தப் பச்சை". நான்காவது முறை எழுத எடுத்தபோது பையன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். கோணல் எழுத்தில், "3வது சுவர் பேப்பர். எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது" என்று இருக்கிறது.